சென்னைக்கு ஏற்ற சூரியக் கடிகாரம்: மணிக்கோடுகள் சம இடைவெளியில் வருமா?

#1 கணக்கு டீச்சர்

வணக்கம். எங்கள் பள்ளி வடசென்னையில் இருக்கிறது. மைதானத்தின் ஓரமாக ஒரு சூரியக் கடிகாரம் அமைக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசை. தரையில் படுக்கையாக வைக்கும் வழக்கமான வடிவத்துக்கு அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சூத்திரம் எளிதுதான்:

டேன்(கோட்டின் கோணம்) = சைன்(அட்சரேகை) × டேன்(மணிக் கோணம்)

மணிக் கோணம் நண்பகலில் தொடங்கி மணிக்கு 15° கூடும். சென்னையின் அட்சரேகை 13.08°, அதன் சைன் 0.226. நண்பகல் கோட்டிலிருந்து 1 மணிக் கோடு 3.5°, 2 மணி 7.4°, 3 மணி 12.8°, 4 மணி 21.4°, 5 மணி 40.2°, 6 மணி 90° என்று வந்தது. அதாவது பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மூன்று மணி நேரம் 13 பாகைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஐந்திலிருந்து ஆறு வரை ஒரே மணி நேரம் 50 பாகையை எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில்தான் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

சுவர்க் கடிகாரம் போல மணிக்கோடுகள் சம இடைவெளியில் இருக்கும் வடிவங்கள் உண்டா? உண்டென்றால் சென்னைக்கு எது ஒத்துவரும்? கணக்கோடு சொன்னால் வகுப்பிலேயே நடத்திவிடுவேன்.

#2 நிழல்மானி

நல்ல கேள்வி டீச்சர். புத்தகங்களில் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவைச் சேர்ந்தவை. லண்டனின் அட்சரேகை 51.5°, சைன் 0.78. அங்கே 1 மணிக் கோடு 11.8 பாகையில் விழும், பார்க்க ஓரளவு சீராகவே இருக்கும். அதே வடிவத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் நீங்கள் கணக்கிட்ட நெரிசல்தான் மிஞ்சும்.

காரணம் இதுதான். சூரியன் துருவ அச்சை, அதாவது பூமி சுழலும் அச்சை, சுற்றி மணிக்கு 15° வீதம் சீராக நகர்கிறது. அந்த அச்சுக்கு இணையாக ஒரு கம்பியை வைத்து, அதற்குச் செங்குத்தான தளத்தில் நிழலைப் பிடித்தால் அதே 15° அப்படியே கிடைக்கும். வேறு எந்தச் சமதளத்தில் அந்தக் கம்பியின் நிழலைப் பிடித்தாலும் அது கோணலாகும். சென்னையில் துருவ அச்சு தரையிலிருந்து 13 பாகைதான் உயர்கிறது, கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. அதனால் இங்கே படுக்கைத் தளம் மிக மோசமான தேர்வு.

முதல் தீர்வு: சரியான வடக்கு நோக்கி 13° உயர்த்திய கம்பி, அதற்குச் செங்குத்தாக ஒரு தட்டு. தட்டு தரையோடு 77° சாய்வில் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். இரண்டு முகத்திலும் 15° இடைவெளியில் கோடு போட்டால் போதும். மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை வடக்கு முகத்தில் வெயில், மீதி நாட்களில் தெற்கு முகத்தில். ஒரு குறை உண்டு. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் வெயில் தட்டின் விளிம்போடு உரசிக்கொண்டு போகும், எந்த முகத்திலும் நிழல் சரியாகத் தெரியாது.

அதற்கும் வழி இருக்கிறது. தட்டை விட்டுவிட்டு, கம்பியை நடுவில் வைத்து அதைச் சுற்றி ஒரு பட்டையை அரைவட்டமாக வளைத்து, கம்பிக்குக் கீழே தூளி போலத் தொங்கவிடுங்கள். மணிக்குறிகள் பட்டையின் உள்பக்கம். ஆரம் 30 செ.மீ. என்றால் ஒரு மணி நேரம் 7.85 செ.மீ., ஆண்டு முழுவதும் அதே அளவு. ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய சாம்ராட் யந்திரம் அடிப்படையில் இதேதான். 27 மீட்டர் உயரச் சாய்சுவர்தான் அங்கே கம்பி, இருபுறமும் உள்ள கால்வட்டங்கள்தான் பட்டை. நிழல் விநாடிக்கு சுமார் 1 மி.மீ. நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோடுகள் சமமாக இருப்பதால்தான் அவ்வளவு நுட்பமாகப் பிரிக்க முடிந்தது.

#3 தரமணி மாணவன்

சார், ஒரு சந்தேகம். கம்பி ஏன் வட்டத்தின் மையத்தில்தான் இருக்க வேண்டும்? பரிதியின் மேல் வைத்தால்? ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கம்பி பரிதியில் இருந்தால் சூரியன் 15° திரும்பும்போது நிழல் உருளையின் எதிர்ச்சுவரில் 30° நகரும். எங்கே இருந்தாலும் 30 தான், எனவே சம இடைவெளி. 12 மணி நேரம் முழு 360 பாகையை நிரப்பிவிடும். அப்படியே சுவர்க் கடிகாரத்தின் முகம்!

#4 நிழல்மானி

தம்பி, முழுக்கச் சரி. இது எனக்கு மிகவும் பிடித்த வடிவம். உருளையின் அச்சும் கம்பியும் துருவ அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கம்பி உச்சியில் இருந்தால் நண்பகல் குறி நேர் அடியில் வரும். அதே ஆரத்துக்கு இரு மடங்கு நுட்பம் கிடைக்கும்.

சிக்கல் எங்கே என்றால், கம்பிக்கு அருகே இரு பக்கமும் உருளையைத் திறந்து விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வெளிச்சம் வராது. கம்பியிலிருந்து பரிதியில் இருபுறமும் 60° வெட்டி எடுத்தால் காலை 8 முதல் மாலை 4 வரையான குறிகள் மிஞ்சும். பள்ளிக்கு அது தாராளமாகப் போதும்.

இன்னொரு வழி, கம்பியே இல்லாமல் செய்வது. 160 மி.மீ. பி.வி.சி. பைப் ஒன்றை எடுத்து நீளவாக்கில் மெல்லிய கீறல் ஒன்றை அறுத்து, கீறல் மேலே இருக்கும்படி வடக்கு நோக்கி 13° சாய்த்து வைத்தால், உள்ளே ஒரு வெளிச்சக் கோடு விழும். மணிக்கு 30°, அதாவது 4.2 செ.மீ. நகரும். சென்னையில் சாய்வு வெறும் 13° என்பதால் பைப்பின் முனை வழியாக வசதியாக உள்ளே பார்க்கலாம். லண்டனில் இதைச் செய்தால் பைப் வானத்தைப் பார்த்து நிற்கும். தாழ்ந்த அட்சரேகை நமக்குத் தரும் வசதிகளில் இதுவும் ஒன்று.

வகுப்பறை மாதிரிக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது டீச்சர். வட்டத் தேற்றத்தைப் பிள்ளைகள் வெயிலிலேயே பார்ப்பார்கள்.

#5 அம்பத்தூர் பட்டறை

பைப் மாதிரி சரி. மைதானத்துக்கு வருவோம். நான் ஃபேப்ரிகேஷன் வேலை செய்பவன். பட்டையை ரோலிங் மெஷினில் வளைத்துக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில், தரைக்குச் சற்று மேலே 13 பாகையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஆபத்து. கால் தடுக்கும். பட்டையின் மேல் ஏறி நிற்பார்கள், ஒரே மாதத்தில் கோணம் மாறிவிடும். மணிக்குறிகள் தரையோடு தரையாக இருக்கிற, அதே சமயம் சம இடைவெளி வருகிற வடிவம் ஏதாவது உண்டா சார்?

#6 நிழல்மானி

உண்டு. நான் சொல்ல நினைத்ததும் அதுதான்.

முதலில் அதன் உறவுக்காரரைப் பார்த்துவிடுவோம். மனிதரே நடுவில் நின்று தன் நிழலால் மணி பார்க்கும் நீள்வட்டக் கடிகாரம் பல பூங்காக்களில் இருக்கிறது. நிற்கும் இடம் மாதத்துக்கு மாதம் மாறும். துருவ அச்சுக்குச் செங்குத்தான ஒரு வளையத்தை நேர் கீழே தரையில் வீழ்த்தினால் வருவதுதான் அந்த நீள்வட்டம். அதன் குறுக்களவுக்கும் நெட்டளவுக்கும் உள்ள விகிதம் சைன்(அட்சரேகை). சென்னையில் 0.226. மையத்திலிருந்து கிழக்கே 2 மீட்டர் என்றால் வடக்கே வெறும் 45 செ.மீ. நசுங்கிப்போன நீள்வட்டம் அது. இதை விடச் சங்கடமான விஷயம், ஜூன் 21 அன்று நிற்க வேண்டிய இடம் மையத்திலிருந்து 84 செ.மீ. வடக்கே, அதாவது நண்பகல் குறியையும் தாண்டி நீள்வட்டத்துக்கு வெளியே! கணக்கு தவறவில்லை. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சென்னையின் உச்சியைக் கடந்து வடக்கே போய், ஆகஸ்ட் 18 வாக்கில்தான் தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட நாட்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், அதுவும் குட்டையாக.

இப்போது நல்ல செய்தி. வளையத்தை நேர் கீழே வீழ்த்தாமல் சாய்வாக வீழ்த்தினால் என்ன? ஒரு குறிப்பிட்ட சாய்வில் தரையில் விழும் வடிவம் அதே ஆரமுள்ள முழு வட்டமாகவே வரும். 15 பாகைக் குறிகள் 15 பாகையிலேயே இருக்கும். குச்சியையும் அதே சாய்வில் நட வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சாமுவேல் ஃபாஸ்டரும், 18-ஆம் நூற்றாண்டில் ஜோஹான் ஹைன்ரிஷ் லாம்பர்ட்டும் இதைச் சொன்னதால் இருவர் பெயராலும் இந்த வடிவம் வழங்குகிறது.

சென்னைக்கான அளவுகள்: குச்சியின் சாய்வு 45° + அட்சரேகையில் பாதி = 51.5°, வடக்கு நோக்கிச் சாய்ந்து. குச்சியின் அடி, வட்ட மையத்திலிருந்து வடக்கு-தெற்குக் கோட்டில் நகரும் தூரம்:

ஆரம் × டேன்(சூரிய விலக்கம்) × டேன்(45° − அட்சரேகையில் பாதி)

சூரிய விலக்கம் என்பது வான நடுக்கோட்டிலிருந்து சூரியன் வடக்கேயோ தெற்கேயோ விலகியிருக்கும் கோணம். கடைசிக் காரணி சென்னைக்கு 0.794. ஆரம் 1 மீட்டர் என்றால் மார்ச் 21, செப்டம்பர் 23 நாட்களில் குச்சி மையத்தில். ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 நாட்களில் 16 செ.மீ. வடக்கே. மே 21, ஜூலை 23 என்றால் 29 செ.மீ. ஜூன் 21-இல் உச்சபட்சமாக 34 செ.மீ. குளிர்கால மாதங்களில் இதே அளவுகள் தெற்கே. எப்போதும் வட்டத்துக்குள்ளேயே இருக்கும். குச்சி வடக்கே சாய்ந்திருப்பதால், நிமிர்ந்த குச்சிக்கு நிழலே இல்லாத ஏப்ரல் 24 நண்பகலிலும் இதன் நிழல் வடக்கே நண்பகல் குறியின் மேல் படுத்திருக்கும்.

ஜூன் 21 காலை 9 மணியை வைத்து முழுக் கணக்கும் போட்டுச் சரிபார்த்தேன். சூரியனின் திசை, சாய்ந்த குச்சி முனையின் நிழல், 9 மணிக் குறி மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன. நீங்களும் வேறு ஒரு நேரத்துக்குப் போட்டுப் பாருங்கள், சந்தோஷமாக இருக்கும்.

#7 கணக்கு டீச்சர்

சார், படித்துவிட்டு உடனே நோட்டை எடுத்தேன். 51.5 எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நிரூபணம் கிடைத்துவிட்டது, இங்கே பதிகிறேன்.

சாய்ந்த வளையமும் தரை வட்டமும் ஒரே மையம், ஒரே ஆரம் உடையவை. இரண்டுக்கும் கிழக்கு-மேற்கு விட்டம் பொது. வளையத்தின் தென்பக்க உச்சி தரையிலிருந்து 76.9° உயரத்தில் இருக்கிறது, காரணம் 90 − 13.1. மையம், வளையத்தின் உச்சி, தரை வட்டத்தின் தென்முனை மூன்றையும் சேர்த்தால் ஓர் இருசமபக்க முக்கோணம். உச்சிக் கோணம் 76.9° என்றால் அடிக்கோணங்கள் (180 − 76.9) ÷ 2 = 51.5°. வளையத்தின் உச்சியைத் தரை வட்டத்தின் தென்முனைக்குக் கொண்டுபோகும் திசை அந்த முக்கோணத்தின் அடிப்பக்கம்தான். மற்ற எல்லாப் புள்ளிகளையும் அதே திசையில் நகர்த்தினால், கிழக்கு-மேற்கு அளவு மாறாது, அதற்குச் செங்குத்தான அளவும் மாறாது. எனவே வட்டம் வட்டமாகவே இறங்குகிறது.

ஒன்பதாம் வகுப்புக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. சரி, கைக்கடிகார நேரத்தோடு ஒப்பிடுவது எப்படி?

#8 நிழல்மானி

அழகான நிரூபணம் டீச்சர்.

சம இடைவெளியின் முழுப் பயனும் நீங்கள் கேட்ட இடத்தில்தான் இருக்கிறது. கோடுகள் சமமாக இருந்தால் வளையத்தையே திருப்பலாம். 1 பாகை திருப்பினால் 4 நிமிடம், வளையத்தின் எந்தப் பகுதியிலும் அதே 4 நிமிடம். கோடுகள் நெருங்கியும் விலகியும் இருக்கும் கடிகாரத்தில் இது நடக்கவே நடக்காது, அட்டவணையைப் பார்த்துக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

இரண்டு திருத்தங்கள் தேவை. ஒன்று நிலையானது. இந்திய நேரம் 82.5° தீர்க்கரேகைக்கு உரியது, சென்னை 80.27° அருகே இருக்கிறது. வித்தியாசம் 2.23°, சுமார் 9 நிமிடம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வானாய்வகத்தை அடிப்படையாகக் கொண்டு கணித்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. 1906-இல் இந்திய நேரம் வந்தபோது 5 மணி 30 நிமிடம் ஆனது. அந்த 9 நிமிடம் இன்றும் நம் நிழலில் இருக்கிறது.

மற்றொன்று நாளுக்கு நாள் மாறுவது. பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. இவை இரண்டும் சேர்ந்து சூரியனை ஆண்டில் சில மாதங்கள் கைக்கடிகாரத்தைவிட முந்தவும் சில மாதங்கள் பிந்தவும் வைக்கின்றன. இரண்டையும் கூட்டினால், சென்னையில் உண்மையான நண்பகல் பிப்ரவரி 11 வாக்கில் 12:23-க்கும், நவம்பர் 3 வாக்கில் 11:53-க்கு சற்று முன்பும் வரும். மொத்த ஊசலாட்டம் அரை மணி நேரம். 1 மீட்டர் ஆரமுள்ள வளையத்தில் அது விளிம்பில் 13 செ.மீ. அளவு நகர்வு. வளையத்துக்கு வெளியே தரையில் தேதிகளைக் குறித்துவிட்டால், குச்சியின் அடியை நகர்த்தும் பிள்ளையே வளையத்தையும் அன்றைய தேதிக்குத் திருப்பிவிடலாம்.

#9 நாழிகை வட்டம்

திரும்பும் வளையம் என்றதும் ஒரு யோசனை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, எனவே நாழிகைக்கு 6°. மணி வளையத்துக்கு உள்ளே இன்னொரு வளையத்தில் நாழிகைகளைப் பொறித்து, சூரிய உதயத்தில் சுழி வரும்படி தினமும் திருப்பினால் பஞ்சாங்கத்தில் சொல்லும் உதயாதி நாழிகையை நேரடியாகப் படிக்கலாம் இல்லையா? அதற்கு எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கும்?

அப்புறம், திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் இருப்பது போன்ற சுவர்க் கடிகாரங்கள் நம் ஊருக்கு ஒத்துவருமா?

#10 தரமணி மாணவன்

முதல் கேள்விக்கு நான் கணக்குப் போட்டேன். சென்னையில் ஜூன் 21 அன்று சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது மணிக் கோணம் 95.8°, டிசம்பர் 22 அன்று 84.2°. அதாவது சூரிய நேரம் 6 மணியிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 23 நிமிடம். கிட்டத்தட்ட ஒரே ஒரு நாழிகை! ஆண்டு முழுவதும் வளையம் இருபுறமும் ஆறு பாகைக்குள்தான் ஆடும். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் உதயம் இன்னும் ஓரிரு நிமிடம் முந்தும்.

சுவர்க் கணக்கு இன்னும் ஆச்சரியம். நேராக நிற்கும் தெற்குச் சுவருக்குச் சூத்திரத்தில் சைனுக்குப் பதில் காஸ் வரும். காஸ்(13.08°) = 0.974, ஏறக்குறைய ஒன்று. 1 மணி 14.6°, 2 மணி 29.4°, 3 மணி 44.2°, 4 மணி 59.3°, 5 மணி 74.6°. அப்படியே சம இடைவெளி மாதிரி! அரைவட்டத்தைச் சமமாகப் பன்னிரண்டாகப் பிரித்துவிட்டாலும் மிக மோசமான இடமான 3 மணியில் பிழை 3 நிமிடம்தான்.

#11 நிழல்மானி

தம்பி சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். அந்தக் கோணங்கள் பொருந்த வேண்டுமானால் சுவரில் அடிக்கும் கம்பி துருவ அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும், அதாவது தெற்கே நீட்டி 13° கீழ்நோக்கி. சுவருக்கு நேர் செங்குத்தாக அடித்தால் மணி பருவத்துக்குப் பருவம் மாறும். இரண்டாவது, ஏப்ரல் 24 முதல் ஆகஸ்ட் 18 வரை சென்னையில் தெற்குச் சுவரில் நாள் முழுக்க வெயிலே படாது. வடக்குச் சுவரிலும் ஒன்று இருந்தால்தான் ஆண்டு நிறையும். மதில் போல இருபுறமும் திறந்த சுவர் கிடைத்தால் மிக நல்லது. ஆனால் நிலையான கோடுகள் என்பதால் வளையத்தைத் திருப்பும் வசதி இங்கே கிடையாது. கம்பிக்குச் சரியாகச் செங்குத்தில்லாத தளத்தில் திருப்புவது தோராயமாகவே பொருந்தும்.

டீச்சர், உங்கள் மைதானத்துக்கு என் தேர்வு ஃபாஸ்டர்-லாம்பர்ட் வட்டம்தான். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

#12 அம்பத்தூர் பட்டறை

அப்படியானால் வேலையைப் பேசுவோம். தரையில் 70 செ.மீ. நீளத்துக்கு வடக்கு-தெற்காக ஒரு பள்ளம், அதில் சி-சேனல் பதித்துவிடலாம். குச்சிக்கு அடியில் 51.5 பாகையில் வெட்டிய ஆப்புக்கட்டை, அது சேனலில் சறுக்கும், திருகி இறுக்க ஒரு கைப்பிடி. குச்சி எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன்? ரொம்ப மெல்லியதாக இருந்தால் நிழல் மங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

#13 நிழல்மானி

நீளம் 1.4 மீட்டர். ஜூன் 21 நண்பகலில்தான் நிழல் வளையத்தைத் தொட மிகச் சிரமப்படும், அப்போது 1.37 மீட்டர் தேவை. மற்ற நேரங்களில் அதைவிடக் குறைவாகவே போதும். முனை தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும், பிள்ளைகளின் முகத்தருகே வரும். அதனால் முனையில் ஒரு இரும்பு உருண்டை கட்டாயம் வைத்துப் பற்றவையுங்கள்.

தடிமன் பற்றி நீங்கள் நினைப்பது சரி. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானில் அரைப் பாகை அகலம். எந்த நிழலின் ஓரமும் அந்த அளவுக்கு மங்கும், நேரத்தில் சுமார் 2 நிமிடம். ஒரு கம்பியின் முழு இருள் அதன் தடிமனைப் போல் சுமார் 107 மடங்கு தூரத்தில் மறைந்துவிடும். 10 மி.மீ. கம்பி என்றால் 1.07 மீட்டரோடு சரி, அதற்குப் பிறகு வெளிறிய பட்டைதான். 20 மி.மீ. எடுங்கள், வளையத்தில் நிழலின் நடுவைப் படிக்கலாம்.

#14 கணக்கு டீச்சர்

வடக்கைத் திசைகாட்டியால் குறிக்கலாமா சார்? கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது.

#15 நிழல்மானி

வேண்டாம். கான்கிரீட்டில் இருக்கும் கம்பிகள் முள்ளை இழுத்துவிடும். நம் ஸ்தபதிகள் கோயிலுக்குத் திசை பார்க்கும் முறையே சிறந்தது. சமதரையில் ஒரு நிமிர்ந்த சங்கு, அதாவது நிழல் பார்க்கும் குச்சி, நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் நிழல் முனை வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும், பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்து இணைத்தால் அது கிழக்கு-மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்து, வடக்கு. டிசம்பர் அல்லது ஜூன் கடைசியில் செய்தால் இன்னும் துல்லியம், அந்த நாட்களில் சூரிய விலக்கம் காலைக்கும் மாலைக்கும் இடையே ஏறக்குறைய மாறாது. சென்னையில் டிசம்பரே மேல், ஜூனில் நண்பகலை ஒட்டிய நிழல் மிகக் குட்டை. மழை ஓய்ந்த ஒரு நாளாகப் பாருங்கள். வட்டத்தைக் காலை ஒன்பதரை மணி நிழலின் நீளத்துக்குப் போடுங்கள், பிள்ளைகள் பிற்பகல் வகுப்பிலிருந்து இறங்கி வந்து இரண்டாவது புள்ளியைக் குறிக்க நேரம் சரியாக இருக்கும்.

#16 அம்பத்தூர் பட்டறை

டீச்சர், வடக்குக் கோடு போட்டதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். சேனலையும் ஆப்பையும் அதற்குள் தயார் செய்து வைக்கிறேன். வளையத்துக்கு 2 மீட்டர் விட்டம், கீழே நைலான் உருளை வைத்தால் ஒரு பிள்ளை தள்ளினாலே திரும்பும். நாழிகை வளையமும் வேண்டுமா என்று மட்டும் முடிவு செய்து சொல்லுங்கள், தகடு வெட்டும்போது இரண்டையும் சேர்த்தே வெட்டிவிடலாம்.

#17 கணக்கு டீச்சர்

இரண்டும் வேண்டும் அண்ணா. நாழிகைக் குறிகளை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்து தருகிறார்கள்.